கொலு பார்க்கில் மூன்று காலத்துப் பரங்கிமலை: ஒரே லே-அவுட்டில் முடியுமா?

கீமேன் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாக இங்கே சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தவள். இதுதான் முதல் கேள்வி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக் கொலுவில் படியில் பொம்மை அடுக்குவது அம்மா, கீழே பார்க் போடுவது நான். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த நாளில் உடைந்த முகக்கண்ணாடிதான் குளம், முளைவிட்ட கடுகுதான் வயல். நடுவில் சாவி கொடுத்தால் வட்டமாகச் சுற்றும் தகர ரயில் ஒன்று. அதன் சாவி தொலைந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ரயில் மட்டும் இன்னும் பரணில் இருக்கிறது.

அப்பா 1959-ல் ரயில்வேயில் சேர்ந்தவர். பெரும்பாலும் பரங்கிமலை, பல்லாவரம் பக்கமே கீமேனாக இருந்து ரிட்டயர் ஆனார். கீமேன் வேலை தெரியாதவர்களுக்கு: தினமும் காலையில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தன் நீளத்துக்குத் தண்டவாளத்தோடு நடந்து போக வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் இரும்புச் சிலிப்பரில் தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் ஆப்புக்குத்தான் ‘கீ’ என்று பெயர். வண்டி போகப் போக அது ஆடித் தளர்ந்து வெளியே வரும். அதைத் தட்டி உள்ளே ஏற்ற வேண்டும். எங்கேயாவது சந்தேகம் வந்தால் கேஜ் ராடைக் குறுக்கே வைத்து அகலம் பார்க்க வேண்டும். இப்போது அவருக்கு 87 வயது, நங்கநல்லூரில் என்னோடுதான் இருக்கிறார். இரண்டு கண்ணும் ஆபரேஷன் ஆகி என்னைவிட நன்றாகப் பார்க்கிறார்.

நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன். இந்த வருடம் பார்க்கில் பரங்கிமலை ஸ்டேஷனையே வைக்கலாம் என்று ஆசை. நவராத்திரியே மூன்று மூன்று நாளாகத்தானே பிரிகிறது? முதல் மூன்று நாள் 1960, அப்பா வேலைக்குச் சேர்ந்த புதுசு. அடுத்த மூன்று நாள் 1984, நான் எலெக்ட்ரிக் டிரெயினில் காலேஜ் போன வருடம். கடைசி மூன்று நாள் இன்றைக்கு, என் பையன் ஆபீஸ் போகும் ரயில். ஆயுத பூஜை அன்றைக்குப் பளபளவென்று இருக்கும் புது எஞ்சினுக்குப் பொட்டு வைத்துவிடலாம்.

எஞ்சின், பெட்டி மாற்றுவது கஷ்டமில்லை, எடுத்து வைத்துவிட்டு வேறு வைத்தால் ஆயிற்று. மிச்சம்தான் உதைக்கிறது. மூன்று காலத்திலும் மாறாதது எது என்று நோட்டில் எழுத உட்கார்ந்தேன். மலை, மேலே இருக்கும் மாதா கோயில், இரண்டே இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். வீடுகள், விளக்கு, பெயர்ப் பலகை, ரோட்டு வண்டி எல்லாம் மாறிவிட்டன. இவ்வளவு ஏன், தண்டவாளமே மாறிவிட்டது. 2004 ஜூலையில் மீட்டர் கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1000 மில்லி) எலெக்ட்ரிக் டிரெயின் நின்று இப்போது எல்லாம் பிராட் கேஜ்தான் (1676 மில்லி).

இடம் எட்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், படிகளுக்கு முன்னால். கொலு முடிந்ததும் பரணுக்குப் போக வேண்டும், ஆகவே நாலடி நாலடியாக இரண்டு துண்டாகப் பிரிய வேண்டும். செலவு இருபத்தைந்தாயிரத்துக்குள் நின்றால் வீட்டில் சண்டை வராது. எச்ஓ அளவு, அதாவது 1:87, என்று மனசில் இருக்கிறது. காலம் மாறுகிற லே-அவுட் யாராவது செய்திருக்கிறீர்களா? எங்கே ஆரம்பிப்பது?

அரக்கோணம் மெயில்:

அக்கா, கேள்வியைப் படித்ததும் ஒரு கப் டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மூன்று காலத்தைக் காட்டும் லே-அவுட் என்னிடம் இருக்கிறது. ஆனால் நான் உங்கள் பக்கம் போகவில்லை, சென்ட்ரல் – அரக்கோணம் பக்கம் போனேன். காரணம் சோம்பேறித்தனம். அந்த லைன் அன்றைக்கும் பிராட் கேஜ், இன்றைக்கும் பிராட் கேஜ். தண்டவாளத்தைத் தொடவே வேண்டாம்.

என் முதல் காலம் 1964. அக்டோபர் 1-ம் தேதி பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பித்த வருடம். நீராவிக்கு டபிள்யூபி எஞ்சின், துப்பாக்கிக் குண்டு மாதிரி மூக்கோடு. 1947-லிருந்து வந்தவை, மொத்தம் 755. இரண்டாவது காலம் எழுபதுகளின் நடு, டபிள்யூடிஎம்-2 டீசல், மெரூன் பெட்டிகள். மூன்றாவது இன்றைக்கு, டபிள்யூஏபி-7 மின்சார எஞ்சின், புது ரகமான எல்எச்பி பெட்டி, ஆசைக்கு ஒரு வந்தே பாரத். மைசூரு வந்தே பாரத் 2022 நவம்பரிலிருந்து அந்த வழியாகத்தான் போகிறது, அதுவும் பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டித் தொழிற்சாலையில் பிறந்த வண்டி.

என் தலைவலி கம்பங்கள். அந்த லைனுக்கு மின்கம்பி எழுபதுகளின் கடைசியில்தான் வர ஆரம்பித்தது. ஆகவே முதல் இரண்டு காலத்துக்குக் கம்பம் கூடாது, மூன்றாவதுக்கு வேண்டும். பதினெட்டுக் கம்பம். முதலில் அடியில் காந்தம் ஒட்டி நிறுத்திப் பார்த்தேன். பாதிக் கம்பத்துக்குக் காந்தத்தைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன் போலிருக்கிறது, வைக்க வைக்க எகிறிக் குதித்தன. என் மகள் அதைத்தான் ரசித்தாள், ரயிலை இல்லை. அப்புறம் காந்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பித்தளைக் குழாய்த் துண்டைப் பலகையில் புதைத்து, கம்பத்தின் அடியில் கம்பி வைத்துச் செருகினேன். நின்றது. ஆனால் கம்பத்தை எடுத்தால் பதினெட்டு ஓட்டை வாயைப் பிளந்துகொண்டு தெரிகிறது. அதற்குப் பதினெட்டுச் செடி செய்தேன். தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கிப் பச்சைச் சாயத்தில் முக்கி, அதே கம்பியில் ஒட்டியது. கம்பம் இல்லாத காலத்தில் அங்கே செடி நிற்கும். பார்க்க வந்தவர்கள் ‘செடியெல்லாம் என்ன இவ்வளவு ஒழுங்காக வரிசையில் முளைத்திருக்கிறது?’ என்று கேட்டார்கள். ரயில்வே நட்டது என்று சொல்லிவிட்டேன்.

இதைச் சொல்லும்போதுதான் ஒன்று உறைக்கிறது. உங்கள் லைனில் 1931-லிருந்தே மின்சாரம். அப்போது 1500 வோல்ட் டிசி, அறுபதுகளின் பிற்பாதியில் 25 கிலோவோல்ட் ஏசிக்கு மாற்றினார்கள். கம்பத்தின் கை, வளையம் எல்லாம் மாறியிருக்கும். ஆனால் கம்பமும் கம்பியும் இல்லாத காலமே உங்கள் மூன்றில் கிடையாது. அதாவது எனக்குக் கேஜ் மாறவில்லை, கம்பம் வந்தது. உங்களுக்குக் கம்பம் அப்படியே இருக்கிறது, கேஜ் மாறிவிட்டது. நீங்கள் கம்பத்தைப் பசை போட்டு ஒட்டியே விடலாம். எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

சரி, ஆனால் கேஜ்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. பேசாமல் பெரம்பூருக்குக் குடிவந்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

ஒரு ஸ்டேஜ் டிக்கெட்:

ஏன் இவ்வளவு யோசனை? எச்ஓ-வுக்குக் கடையில் வழக்கமாகக் கிடைக்கும் 16.5 மில்லி தண்டவாளம் ஒன்றே போடுங்கள். மூன்று காலத்துக்கும் அதிலேயே ஓட்டுங்கள். பெட்டியின் பெயிண்ட்டை மட்டும் மாற்றுங்கள். சுண்டல் வாங்க வரும் மாமிகள் ஸ்கேல் வைத்தா அளக்கப்போகிறார்கள்?

கீமேன் மகள்:

மாமிகள் அளக்க மாட்டார்கள். வீட்டில் ஒருவர் அளப்பார். நாற்பது வருடம் அளந்தவர், கை சும்மா இருக்காது.

அரக்கோணம் மெயில், அந்தச் செடி விஷயத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். பெரம்பூருக்கு வர மாட்டேன், மன்னியுங்கள். ஆனால் கம்பம் மாறாது என்று சொன்னீர்களே, அது எனக்குத் தோன்றவே இல்லை. நோட்டைத் திறந்து மூன்றாவது வரி எழுதிக்கொண்டேன்.

அப்பாவிடம் நேற்றுக் கேட்டேன், 1960-ல் அங்கே என்னவெல்லாம் இருந்தது என்று. வீட்டைப் பற்றி, கடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்த இடத்தில் சிலிப்பர் கட்டை மரம், எந்த இடத்தில் இரும்பு, எங்கே மழைக்குத் தண்ணீர் நின்று ஜல்லி உள்ளே போகும், இதையே ஒரு மணி நேரம் சொன்னார். மலைப்பக்கம் பனைமரம் இருந்ததா என்றால் ‘இருந்திருக்கும்’ என்கிறார். ஆகவே இந்த லே-அவுட்டில் தண்டவாளம்தான் கதாநாயகன். அதில் ஏமாற்ற முடியாது.

ரிச்சி தெரு ரிலே:

மேடம், உங்கள் இடத்துக்கு ஒரே வழிதான் எனக்குத் தெரிகிறது. நிற்கிற உலகத்தை நிலையாகக் கட்டுங்கள், தண்டவாளத்தை மட்டும் கழற்றி மாற்றுகிற ட்ரேயாகச் செய்யுங்கள். நான் இரண்டு வருடம் முன்னால் வேறு ஒரு காரணத்துக்காக இப்படிச் செய்தேன் (ஒரே காட்சி, ஒரு பக்கம் ஓடுகிற லைன், இன்னொரு பக்கம் கைவிட்ட லைன்). வேலை செய்கிறது.

முதலில் நல்ல செய்தி. உங்களுக்கு மூன்று ட்ரே வேண்டாம், இரண்டு போதும். 1960-ம் 1984-ம் ஒரே மீட்டர் கேஜ்தான். 1977 ஆகஸ்ட் 15-ல் கிளம்பிய வைகை எக்ஸ்பிரஸ்கூட அன்றைக்கு மீட்டர் கேஜ் வண்டிதான். ஒரு ட்ரேயில் 12 மில்லி தண்டவாளம், எச்ஓ அளவில் மீட்டர் கேஜுக்கு உலகம் முழுக்க வைக்கும் அளவு அது, பெக்கோ கம்பெனியில் கிடைக்கிறது. இன்னொன்றில் 16.5 மில்லி. முதல் ட்ரேக்கு மரம், இரும்புச் சிலிப்பர், எண்ணெய்க் கறை, கறுத்த ஜல்லி. இரண்டாவதுக்கு வெளிறிய கான்கிரீட் சிலிப்பர், சுத்தமான ஜல்லி. ஜல்லிக்கு எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்து எடுங்கள், கீழே விழுகிற தூள் வேண்டாம், மேலே நிற்கிற பருமணலும் வேண்டாம், இரண்டு வடிகட்டிக்கு நடுவில் தங்குவதுதான் சரியான அளவு.

மரம் பற்றி. ஒரே பிளைவுட் ஷீட்டிலிருந்து எல்லா ட்ரேயையும் பக்கத்துப் பக்கத்தில் அறுக்கச் சொல்லுங்கள். நம்ம ஊர் ஈரத்துக்கு எந்தப் பிளைவுட்டும் கொஞ்சம் வளையும், கூடப் பிறந்தவை என்றால் ஒரே பக்கமாக வளையும், மாற்றி வைத்தாலும் உட்காரும். நான் முதல் தடவை இரண்டு கடையில் வாங்கினேன். நவம்பர் மழையில் ஒன்று மேலே கும்பிட்டது, ஒன்று கீழே தொங்கியது, நடு இணைப்பில் மூன்று மில்லி படி. எஞ்சின் ஏறவே இல்லை. மேல் கீழ் மட்டுமில்லை, நாலு விளிம்பையும் சேர்த்து பெயிண்ட் அடியுங்கள், ஈரம் விளிம்பு வழியாகத்தான் போகும். பரண் வெயிலுக்குத் தண்டவாளம் நீளும், ஆகவே இணைப்பில் ஒரு மில்லி இடைவெளி விடுங்கள். இதை உங்கள் வீட்டிலேயே ஒருவர் எனக்கு மேல் விளக்கிச் சொல்வார் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் மாட்டுகிற இடம் பிளாட்பாரம். மீட்டர் கேஜ் பெட்டி பிராட் கேஜ் பெட்டியைவிட நிஜத்தில் அரை மீட்டராவது ஒல்லி. பிளாட்பாரத்தைப் பிராட் கேஜுக்கு ஏற்ப ஒட்டிவிட்டால், பழைய வண்டி வந்து நிற்கும்போது மாடலில் மூன்று மில்லிக்குக் குறையாமல் சந்து விழும். தரையிலிருந்து பெட்டியின் உயரமும் வேறு. ஆகவே பிளாட்பாரத்தின் ஓர விளிம்பு, ஒரு விரல் அகலத்துக்கு, ட்ரேயோடு சேர்ந்து போகட்டும். கூரை, பெஞ்சு, தண்ணீர்க் குழாய் இருக்கும் மிச்சப் பிளாட்பாரம் நிலையாக இருக்கட்டும். வெட்டுக் கோடு மேலே தெரியாதா என்றால் தெரியும். அந்தக் கோட்டின் மேலேயே வெள்ளைக் கோடு போட்டுவிடுங்கள், தானாக மறைந்துவிடும்.

ஓட்டுவது ரொம்ப எளிது, ஏனென்றால் எலெக்ட்ரிக் டிரெயின் திரும்பவே வேண்டாம். போகும், வரும், அவ்வளவுதான். எட்டடிக்கு வளைவே இல்லாமல் நேர்க்கோடு போடுங்கள். இரண்டு கோடியிலும் தண்டவாளத்தின் ஒரு கம்பியை அறுத்து, குறுக்கே ஒன்-என்-4007 டயோடு (கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடுவது) ஒன்று. ரிச்சி தெருவில் சில்லறைக் காசு. வண்டி அந்த வெட்டைத் தாண்டியதும் தானாக நின்றுவிடும், கன்ட்ரோலரில் திசையைத் திருப்பினால் தானாகக் கிளம்பும். கொலுவுக்கு வந்த குழந்தை கையில் கொடுத்தாலும் வண்டி கோடியில் போய் விழாது. டயோடு இரண்டு ட்ரேயிலும் தனித்தனியாக இருக்கட்டும், அடியில் இரண்டு முனை சாக்கெட் ஒன்று போதும்.

நீளத்தில் பேராசை வேண்டாம். இப்போதைய 12 பெட்டி யூனிட்டை 1:87-ல் முழுசாகச் செய்தால் ஏறக்குறைய மூன்று மீட்டர், உங்கள் இடமே அவ்வளவு இல்லை. ஒரு எல்எச்பி பெட்டி மட்டுமே 27 சென்டிமீட்டர். மூன்று பெட்டி யூனிட் செய்யுங்கள். ஒரு கோடியை மேம்பாலத்துக்கு அடியிலும் இன்னொரு கோடியை மரக்கூட்டத்துக்குப் பின்னாலும் மறைத்தால், மிச்சப் பெட்டிகள் அங்கே இருப்பதாகப் பார்ப்பவர்களே நினைத்துக்கொள்வார்கள்.

செலவு மீட்டர் கேஜ் எஞ்சினில்தான் இடிக்கும். நம்ம ஒய்பி நீராவி எஞ்சின், ஒய்ஏஎம்-1 மின்சார எஞ்சின் எல்லாம் கடையில் தயாராகக் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. ஸ்விட்சர்லாந்து மீட்டர் கேஜ் மாடல் செய்யும் பெமோ கம்பெனியின் பழைய சேஸிஸ் (மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிப்பாகம்) ஒன்று செகண்ட் ஹேண்டில் பிடித்து, மேலே பிளாஸ்டிக் ஷீட்டில் உடம்பு கட்ட வேண்டும். ஒரே சேஸிஸ், இரண்டு உடம்பு. 1960-க்கு ஒன்று, 1984-க்கு ஒன்று. ஒரு நாளைக்கு ஒரு சட்டை மாதிரி.

கடைசியாக விளக்கு. மூன்று நிலை ரோட்டரி ஸ்விட்ச் ஒன்று வையுங்கள். முதல் நிலையில் மஞ்சள் பல்பு நாலைந்து, மங்கலாக. இரண்டாவதில் டியூப்லைட் வெள்ளை, ஒன்று மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கட்டும். மூன்றாவதில் எல்லா இடத்திலும் எல்இடி, கண் கூசுகிற மாதிரி. ஹால் லைட்டை அணைத்துவிட்டு அந்த ஸ்விட்சைத் திருப்பிப் பாருங்கள்.

தார் டப்பா:

பலகை எழுதுகிறவன் நான், ரயிலைப் பற்றி அதிகம் தெரியாது, எழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மேடம் நல்ல ஸ்டேஷனாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ‘பரங்கிமலை’ என்பதில் கடைசி எழுத்தைப் பாருங்கள். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் அந்த ‘லை’ இப்படி எழுதப்படவில்லை. முன்னால் இரட்டைச் சுழி கிடையாது, லகரத்தின் தலையில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு. ஆகவே உங்கள் 1960 பலகைக்குத் துதிக்கை லை, 1984-க்கும் இன்றைக்கும் இப்போதைய லை. இன்றைய எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றில் பழைய லை கிடையாது. கம்ப்யூட்டரில் தேடி நேரத்தை வீணாக்காமல் கையால் வரையுங்கள். பெரிதாக ஒரு அடி நீளத்துக்கு வரைந்து, போட்டோ எடுத்து, சுருக்கி, ஸ்டிக்கர் தாளில் அச்சடியுங்கள். பலகை மூன்று நாலு சென்டிமீட்டர் வந்தால் போதும். மூன்று பலகை, இரண்டு கால், செருகி எடுக்கிற மாதிரி. மஞ்சள் பூமி, கறுப்பு எழுத்து, தமிழ் மேலே.

இன்னொன்று. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்த போராட்டங்கள் நடந்தன. நீங்கள் விரும்பினால் 1960 பலகையின் நடு வரியில் ஒரு தார்ப் பூச்சு கொடுக்கலாம். தார் ஒழுங்காக இருக்காது, கீழே இரண்டு சொட்டு வழிந்திருக்கும். என் பெயரைப் பார்த்துத் தப்பாக நினைக்காதீர்கள், தொழில் டப்பா அது.

ரோட்டில் வைக்கும் பொருளில் கவனம். எண்பதுகள் என்றாலே எல்லோரும் மஞ்சள் எஸ்டிடி பூத் ஒன்று வைத்துவிடுகிறார்கள். 1984-க்கு அது கொஞ்சம் முந்தி, பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்தது எண்பதுகளின் கடைசியில். மாருதி 800-ம் அப்படித்தான், 1983 டிசம்பரில்தான் முதல் கார் கை மாறியது. 1984 பரங்கிமலை ரோட்டில் ஒன்று வைத்தால் அதைச் சுற்றி நாலு பேர் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். அம்பாசிடர் மூன்று காலத்திலும் வரலாம், முதலில் டாக்டர் வீட்டு வாசலில், நடுவில் டாக்ஸியாக, இப்போது ஒர்க் ஷாப் மூலையில் டயர் இல்லாமல். இன்றைய காட்சிக்கு மெட்ரோ மேம்பாலத் துண்டு ஒன்று பின்னால் கட்டாயம், 2016-லிருந்து அங்கே மெட்ரோ வந்து நிற்கிறது. அது இருந்தால் வேறு எதுவும் சொல்லாமலே காலம் புரிந்துவிடும்.

அரக்கோணம் மெயில்:

தார் டப்பா, அம்பாசிடருக்கு ஒரு சல்யூட். நான் போய் என் 1964 பலகையைப் பார்த்தேன். எழும்பூருக்குக் கைகாட்டுகிற சின்னப் போர்டில் ‘சென்னை’ என்று அச்சடித்த புது ‘னை’. ஐந்து வருடமாக ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. இன்று ராத்திரி தூக்கம் கிடையாது.

அக்கா, மலை விஷயத்தில் ஒன்று. பரங்கிமலை கிட்டத்தட்ட 300 அடி. 1:87-ல் சரியாகச் செய்தால் ஒரு மீட்டருக்கு மேல் வரும், கொலுவின் மூன்றாவது படியில் இருக்கும் தசாவதாரமே மறைந்துவிடும். அரை அடி உயரத்துக்குப் புடைப்பாகச் செய்து, கோயிலை அதற்கும் சின்ன அளவில் வைத்தால் தூரத்தில் இருப்பது போலத் தோன்றும். பனைமரமும் முன்னால் பெரிசு, பின்னால் சின்னது.

கீமேன் மகள்:

பதினேழு நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

பலகை அறுத்தாகிவிட்டது, ஒரே ஷீட்டில், பக்கத்துப் பக்கத்தில். ஆசாரி ‘எதுக்கும்மா விளிம்புக்கெல்லாம் பெயிண்ட்டு?’ என்று கேட்டுக்கொண்டே அடித்தார். மலை தெர்மகோலில் அடுக்கி, மேலே செய்தித்தாளும் கோந்தும். டீத்தூள் சக்கையைக் காயவைத்துத் தூவினேன், செம்மண் மாதிரியே இருக்கிறது, எறும்பு மட்டும் ஒரு தடவை வந்தது. பையன் விளக்கு ஸ்விட்சைச் செய்து கொடுத்தான். நேற்று ராத்திரி ஹால் லைட்டை அணைத்துவிட்டு, வண்டியே இல்லாத லே-அவுட்டில் அதை மட்டும் பத்துத் தடவை திருப்பிக்கொண்டிருந்தேன். மினுக்கும் டியூப்லைட் சரியாக அமைந்துவிட்டது. காலேஜ் விட்டு ஆறரை வண்டியில் வந்து இறங்கினால் அதே மினுக்கல்தான்.

மீட்டர் கேஜ் ட்ரேயில் தண்டவாளம் ஒட்டி முடித்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன். பூதக்கண்ணாடியோடு வந்தார். குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளத்தின் தலையோடு தலையாக நீளவாக்கில் பார்த்தார், லைன் நேராக இருக்கிறதா என்று. ‘லைன் பரவாயில்லை’ என்றார். அப்புறம் என் கையில் இருந்த ஸ்கேலை வாங்கிக் குறுக்கே வைத்தார்.

‘எத்தனை?’

‘பன்னிரண்டு மில்லி.’

‘எத்தனை மடங்கு சின்னது?’

‘எண்பத்தேழு.’

தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பெருக்கினார். 1044. கீழே கோடு போட்டு 44 என்று எழுதி வட்டம் போட்டார். ‘44 மில்லி லூசு. சக்கரம் உள்ளே இறங்கிடும். வண்டி விடறதுன்னா காஷன் போர்டு வெச்சு, நடக்கிற வேகத்துலதான் விடணும்.’ வேடிக்கைக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. ஆகவே முதல் ஆறு நாளும் பரங்கிமலையில் ஒரு குட்டி காஷன் போர்டு நிற்கும். தார் டப்பா, அதற்கு எழுத்து எப்படி என்று சொல்லுங்கள்.

வினை அதோடு நிற்கவில்லை. ‘பிராட் கேஜுக்கு என்ன போடப்போறே?’ என்றார். 16.5 என்றேன். அதையும் பெருக்கினார். 1435. ‘1676 எங்கே, 1435 எங்கே? இருபத்துநாலு சென்டிமீட்டர் காணோமே!’ கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘இது மெட்ரோ கேஜ்’ என்றார். உண்மைதான், சென்னை மெட்ரோவுக்கு அதே 1435தான். நான் அட்டையில் செய்து வைத்திருக்கிற, ஓடவே ஓடாத அந்த மெட்ரோ பாலத்தில் மட்டும்தான் கேஜ் சரியாக அமையப்போகிறது.

ஒரு ஸ்டேஜ் டிக்கெட், நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது.

ஆகவே இன்னொரு கேள்வி. 1676-ஐ 87-ஆல் வகுத்தால் 19.26 வருகிறது. 19 மில்லிச் சொச்சத்தில் கையால் சிலிப்பர் வெட்டித் தண்டவாளம் போட்டவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? எஞ்சின் சக்கரத்தை அச்சில் இழுத்து அகலப்படுத்தினால் நிற்குமா? கொலுவுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அந்தக் காலண்டர் தாளை அவர் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.